கொஞ்சம் சோகமா ஒரு படம்

"கொஞ்சம் சோகமா இருங்க மேடம். இளைக்கறதுக்கு 'முன்' எடுக்கற படத்துல யாரும் பல்லைக் காட்ட மாட்டாங்க!"

போட்டோகிராஃபர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பருமனான பெண் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கன்னம் துடித்தது. அடுத்த நொடி குபீரென்று சிரித்துவிட்டாள்.

"வர மாட்டேங்குது சார். சாப்பிட்டுக்கிட்டே சோகமா இருன்னா எப்படி?"

அவள் மடியில் பாதி கடித்த வெண்ணெய் பன் இருந்தது.

வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை அட்டையைப் பிடித்தபடி ஓரமாய் நின்றிருந்த போட்டோகிராஃபரின் மனைவிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை சுற்றும் என்று அடக்கிக்கொண்டாள். காலையிலிருந்து வெந்நீர் மட்டும்தான். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பல நாளாகிறது.

"அட்டையை நேராப் பிடி, பூசணி!" என்று அதட்டினார் கணவர்.

கல்யாணமான புதிதில் வைத்த செல்லப் பெயர். அப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போதெல்லாம் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே பசி செத்துவிடுகிறது. அவருக்குச் சாப்பாடு கட்டும்போது பழக்கதோஷத்தில் தனக்கும் கட்டிவிட்ட டிபன் பாக்ஸ், மேஜையில் மூடியபடி கிடந்தது. நேற்றும் அப்படியேதான் வீட்டுக்குத் திரும்பியது.

"யாரு பூசணி? அக்காவா?" படமெடுக்க வந்தவள் கண்ணைச் சுருக்கினாள். "அக்கா நல்லாத்தானே இருக்காங்க!"

"இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க. அதோ, அந்தப் பொண்ணு மாதிரி ஆகிக் காட்டறேன்னு சபதம் போட்டிருக்கா."

அவர் கை காட்டிய சுவரில் ஒரு கதவு உயரத்துக்குப் படம். குச்சி குச்சியாய்க் கை கால்களோடு ஒரு பெண். பச்சைக் கட்டம் போட்ட தொளதொள பேன்ட்டின் இடுப்பை ஒரு கையால் முன்னே இழுத்துப் பிடித்திருந்தாள். அந்த இடைவெளியில் இன்னொரு ஆளே இறங்கலாம். மூக்குக்கு மேலே படத்தில் இல்லை. கீழே கொட்டை எழுத்தில் 'பின்' என்றிருந்தது.

"என்னை ஆளாக்கினதே அந்தப் படம்தான் மேடம். எடை குறைக்கிற சென்டருக்காக எடுத்தது. டாக்டரம்மா உங்களை இங்க அனுப்பினதுக்கும் அதான் காரணமா இருக்கும்."

"அதேதான் சார்." வந்தவள் பன்னை இன்னொரு கடி கடித்தாள். "முகம் ஏன் பாதியில நிக்குது?"

"இடுப்பை வச்சு விக்கிற விளம்பரத்துல முகம் எதுக்கு? நான் அதைச் சரியாக்கூடப் பார்க்கல."

"ஆளு எப்படி?"

"அடேயப்பா, என்ன கட்டுப்பாடு! தண்ணி கொடுத்தா வேணாம், வயிறு உப்பிடும்னுட்டா. நடுவுல மயங்கி வேற விழுந்தா. முகத்துல தண்ணி தெளிச்சு நிக்க வச்சு அடுத்த கிளிக் எடுத்தேன், அதான் இது. வைராக்கியம்னா அது!"

மனைவி தினமும் கேட்கிற கதை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த இடுப்புதான் அவள் கண்முன் வந்து நிற்கும். இப்போதும் வந்தது. அட்டை சரிந்தது.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"பொய். டிபன் பாக்ஸ் இன்னும் குறட்டை விடுது. இந்தாங்க, பாதி பன்."

"ஐயோ வேணாம்மா, வெண்ணெய்..."

"வெண்ணெய் ஒண்ணும் உங்களைக் கடிக்காதுக்கா. நீங்கதான் அதைக் கடிக்கணும்!"

"நேரமாகுது மேடம்," போட்டோகிராஃபர் பல்லைக் கடித்தார். "தோளைத் தொங்கப் போடுங்க. லைட்டை மேல ஏத்தறேன், தாடைக்குக் கீழ நிழல் விழட்டும். வயித்தை வெளிய விடுங்க."

"அது எப்பவும் வெளியதான் சார் இருக்கு. கூப்பிட்டாலும் உள்ள வராது!"

இந்தத் தடவை மனைவியால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வர, பக்கத்திலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

வந்தவளின் சிரிப்பு நின்றது. அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், 'முன்' படம் வேணாம். 'பின்' மட்டும் எடுங்க."

"அது நீங்க இளைச்சப்புறம் எடுக்கறது மேடம். ஆறு மாசம் ஆகும்."

"இல்ல சார், இன்னிக்கே. ரெண்டே நிமிஷம், டிரஸ் மாத்திட்டு வந்துடறேன்."

திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"மறை கழண்டதா இது?" போட்டோகிராஃபர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "டாக்டரம்மா என்னைத்தான் கிழிப்பாங்க. இளைக்காமலே 'பின்' படமாம்!"

திரை விலகியது.

முதலில் பார்த்தது மனைவிதான். பச்சைக் கட்டம் போட்ட பேன்ட். சுவரில் இருக்கும் அதே பேன்ட். ஆனால் இடுப்பில் ஒரு விரல்கூட நுழைய இடமில்லை. தைத்துப் போட்ட மாதிரி கச்சிதமாய்ப் பொருந்தியிருந்தது.

போட்டோகிராஃபர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"எங்க டாக்டரம்மா எடையைக் குறைக்கிறவங்க இல்ல சார். சாப்பிடப் பயந்து சாகக் கிடக்கிறவங்களைத் திரும்பச் சாப்பிட வைக்கிறவங்க," என்றாள் அவள், பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டபடி. "என்னோட 'முன்' படம்தான் எட்டு வருஷமா உங்க சுவத்துல தொங்குதே!"

போட்டோகிராஃபரின் முதுகுக்குப் பின்னால் 'டப்'பென்று டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்டது.