நடுவழியில் நின்ற ரயில்

“இன்னிக்கும் கரண்ட் போயி, கொருக்குப்பேட்டையாண்ட வண்டி நின்னுடுச்சி,” என்றபடி ஏழு மணிக்கு மேல் வீட்டுக்குள் நுழைந்தார் பாஸ்கல்.

புதிதாக விட்ட மின்சார ரயில் இரண்டு மாதமாகத் தினமும் பழுதாகிறது என்பதை அவர் மனைவி இருதயம்மாள் நம்பவில்லை. அதே ரயிலில் வரும் பக்கத்து வீட்டு லூயிஸ் ஆறரைக்கே வந்துவிடுகிறாரே. இந்த வயதில் எவளாவது வாய்த்துவிட்டாளோ என்று சந்தேகப்பட்டாள்.

மறுநாள், தினமும் போகும் மாதா கோயில் மாலை ஜெபத்துக்குப் போகாமல் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போய் மறைந்து நின்றாள். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. இறங்கிய பாஸ்கல் வீட்டுப் பக்கம் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நேரம் போயிற்று. யாரும் வரவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“யாருக்கோசரம்யா காத்துக்கினு கீறே?”

பாஸ்கல் திடுக்கிட்டார். “நீ கோயிலுக்குப் போவல?”

“பேச்ச மாத்தாத. யாரு அவ?”

“மெதுவா பேசு. நம்ம புள்ள ஏழு மணிக்கு நைட் ஷிப்டுக்குக் கெளம்பணும். கண்ணாலம் ஆன புதுசு. இருக்கறது ஒரே ரூமு. நீ கோயிலுக்குப் போற நேரத்துல நானும் இல்லாங்காட்டிதான் அதுங்க ரெண்டும் ஒண்ணா இருக்கமுடியும்.”

இருதயம்மாள் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறே முக்கால்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு,” என்று அவர் பக்கத்தில் அமர்ந்தாள். “ஞாயித்துக்கெழம உனக்கு வேலையே இல்ல. அன்னிக்கு இன்னா பொய் சொல்லிட்டு வெளிய வர்றது?”