நெஞ்சில் நிறைந்த எழுத்தாளர்

ஆறு மணி ஆகியும் இருபது நாற்காலிகளில் ஒன்றுகூட நிறையவில்லை. ஸ்ரீவித்யாவுக்கு அழுகை முட்டியது. இந்தக் கூட்டத்துக்கும் ஆள் வராவிட்டால் புத்தகக் கடையை மூடிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

உத்திரமேரூர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியாயிற்று. தெருவில் போனவர்களோ கடைவாசல் போஸ்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடி நகர்ந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க சார்!" என்று ஒருவரைக் கெஞ்சியே விட்டாள்.

"இல்லம்மா, அவசரமா ஒரு எடத்துக்குப் போணும்."

மாலை வாங்கப் போன கணவன் ரகுராம் வெறுங்கையோடு திரும்பினான். "பஜார்ல ஒரு மாலைகூட இல்லே. எல்லாம் வித்துப்போச்சாம்."

"மாலையை விடுங்க. பேச வேண்டிய ஏகாம்பரம் சாரே இன்னும் வரலை!"

அப்போதுதான் போன் அடித்தது. எழுத்தாளர் ஏகாம்பரமேதான், ரகசியக் குரலில்.

"இன்னாம்மா போஸ்டர் இது? என் படத்தக் கறுப்பு வெள்ளையில பெருசாப் போட்டு, மேல 'நெஞ்சில் நிறைந்த எழுத்தாளர்'னு எழுதிவச்சிக்கீற! ஊரே மாலையோட என் வூட்டு வாசல்ல கீது!"

"ஐயோ! கலர்ல போட்டா கட்சிப் போஸ்டர் மாதிரி இருக்கும்னுதான் சார்... இப்பவே ஓடி வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்!"

"வேணாம்மா, வராத. நான் பின்னால ரூம்ல ஒளிஞ்சிக்கினு கீறேன்." அவர் குரல் உடைந்தது. "முப்பது வருசமா எழுதறேன். என் கதைங்களப் பத்தி இன்னிக்குத்தான் இந்த ஊரு பேசுது. இன்னும் ரெண்டு பேரு பேச வேண்டியது கீது. கேட்டுட்டு வந்துர்றேன்."