நின்ற வாக்கில்

“கெட்ட சேதி சொல்றதுக்கு நாலு மணி நேரப் பாடமா? நான் இருபது வருஷமா நின்ன வாக்கில சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டிருக்கேன்.”

வார்டு சிஸ்டர் தாளை மேஜையில் போட்டார். நர்சிங் கல்லூரியின் பாடத்திட்டக் கமிட்டியில் அவருக்கும் ஒரு ஓட்டு உண்டு. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். அந்தப் பாடத்தை எழுதிய ஆசிரியையின் இரண்டு வருட உழைப்பு இந்த ஒரு ஓட்டில் தொங்கியது.

“நாலே படிதான் சிஸ்டர். கதவைச் சாத்திட்டு உட்காரணும். அவங்களுக்கு என்ன தெரியும்னு கேக்கணும். பூசி மெழுகாம ‘இறந்துட்டாரு’ன்னு சொல்லணும். சொன்னதும் எழுந்து ஓடக் கூடாது.”

“ஒழுங்கா ஊசி போடத் தெரியாததுங்களுக்கு இதெல்லாம் வேறயா?” சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரரை இப்பதான் கல் எடுக்க ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினேன். ‘இது இருந்தாதான் அவ முறைக்கிறது தெரியும், பத்திரம்’னு கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டுப் போறாரு மனுஷன்.”

“அது அரை மணி நேர வேலை. எனக்குக் கமிட்டிதான் கவலை. கூட்டத்துக்கு முன்னாடி இந்த நாலு படியையும் என்கிட்டயே ஒரு தடவை செஞ்சு பாருங்களேன். அப்புறமும் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“நாடகம் போட எனக்கு நேரமில்ல.” சிஸ்டர் போய்விட்டார்.

ஆசிரியை தாளைத் திருத்தினாள். நாலு மணி நேரத்தை மூன்றாக்கினாள், இரண்டாக்கினாள், மனசு கேட்காமல் மறுபடி நாலாக்கினாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. சிஸ்டர்தான். கதவைச் சாத்தினார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“டீச்சர், உங்களுக்கு... இதுவரைக்கும் என்ன தெரியும்?”

“அடடே, ரெண்டாவது படி. குரல்கூட நடுங்குதே. இனி இந்தப் பாடத்தை நீங்களே எடுக்கலாம் சிஸ்டர்.”

“எவ்வளவோ போராடிப் பாத்தோம்மா. கையை விட்டுப் போயிடுச்சு.”

“பாத்தீங்களா, இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. யாரு, என்னன்னு நேரா சொல்லணும்.”

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா.”

“ரொம்பச் சரியா...” என்று ஆரம்பித்தவள், சிஸ்டர் அங்கிப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த கண்ணாடியைப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டு அடித்தது. சிஸ்டர் எழுந்து போகவில்லை.