ஒரு விரல் போதும்

"லினக்ஸ்ல இந்த மவுஸ் ஓடாது. விட்டுத் தொலை!" மூன்றாம் முறையாக எரிந்து விழுந்தான் கணவன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யுஎஸ்பி வயரைப் பிடுங்கி, லேப்டாப்பின் அடுத்த துளையில் செருகினாள். சொடுக்கினாள். அசைவில்லை.

"பக்கவாதம் வந்து, பேச்சும் போய் எட்டு மாசமாச்சு. அப்பாவுக்கு என்ன புரியப்போகுது?"

"கட்டைவிரல் அசையுதுல்ல? அது போதும்."

ஒரு கட்டளையைத் திருத்தித் தட்டினாள். மவுஸ் உயிர் பெற்றது.

மாமனாரின் விரலடியில் மவுஸை வைத்தாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் அழுத்தினார். அரை மணி நேரத்தில் முழுசாக ஒரு வரி தேறியது:

'நான் தூங்கறேன்னு நெனச்சு, உன் புருஷன் இந்த விரலைப் பிடிச்சுத்தான் வீட்டுப் பத்திரத்துல ரேகை வச்சான்மா.'