மூடியில் நாலு வாய்

கொரோனாவுக்காகப் பள்ளியை மூடி ஒன்றரை வருஷம் தாண்டியும், பவித்ரா மத்தியானச் சோற்றைத் தட்டில் சாப்பிட்டதில்லை. டிபன் பாக்ஸில் கட்டித் தந்தால்தான் உண்டு. திறந்ததும் மூடியைத் திருப்பிப் போட்டு, நாலு வாய் சோற்றை அதில் எடுத்துவைத்து, பக்கத்தில் தள்ளிவிடுவாள். அது பெஞ்சுத் தோழி ஜெனிபருக்கு. பிள்ளை எழுந்து போனதும் அம்மா தமயந்தி அதைத் தின்றுவிடுவாள். வேலைக்குப் போய்விடும் அப்பா குமரேசனுக்கு இது தெரியாது.

அன்று அவனுக்கு லீவு. மறுபடி திறக்கப்போகும் பள்ளியிலிருந்து, பிள்ளையை அனுப்ப அப்பா கையெழுத்துப் போடவேண்டிய சம்மதக் கடிதம் வந்திருந்தது.

"நீதான் வீட்டுலயே நல்லா சொல்லிக் குடுக்குறியே. இந்த வருஷம் இப்படியே போகட்டும்" என்றான். மே மாதம் அண்ணனை முகம்கூடப் பார்க்காமல் சுடுகாட்டுக்கு அனுப்பியவன். அவனிடம் எதை எடுத்துப் பேசுவது? தமயந்தி கடிதத்தில் இருந்த விதிகளைச் சத்தமாகப் படித்தாள்.

"மாஸ்க் கட்டாயம். பெஞ்சுக்கு ஒருத்தர். சாப்பாட்டை யாரோடும் பகிரக் கூடாது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பவித்ராவின் கை நின்றது. மூடியிலிருந்த தயிர்சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்து டப்பாவுக்குள் போட்டாள். வெறும் மூடியை அப்பாவிடம் நீட்டினாள்.

"இத வீட்டுலயே வச்சிட்டுப் போறேன்ப்பா. அப்ப அனுப்புவீங்களா?"

ஒன்றும் விளங்காமல் குமரேசன் மனைவியைப் பார்த்தான். இத்தனை நாளும் அந்தப் பங்கைத் தின்றுவந்தவள், மூடியை வாங்கிக்கொண்டு பேனாவை அவன் கையில் கொடுத்தாள்.