ஹருமி சாகக் கூடாது

"ஹருமி பொழைச்சாளா இல்லையா, அத மட்டும் சொல்லு அமுதா. சொல்லாம பஸ் நகராது!"

டிரைவர் சவுரியப்பன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பாலக்கோடு ஸ்டாப்பில் மணி காலை ஐந்தே முக்கால். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிற பஸ் அது. உள்ளே அமுதாவைத் தவிர முப்பத்தெட்டுப் பெண்கள், முப்பத்தெட்டு டிபன் பாக்ஸ், ஒரே ஒரு கதை.

"மொதல்ல வண்டிய எடுங்கண்ணா. எடுத்தாத்தான் கதை," என்றாள் அமுதவல்லி. முன்சீட்டில் முழங்காலை ஊன்றித் திரும்பி, எல்லோரையும் பார்க்கிற மாதிரி ஜம்மென்று நின்றுகொண்டாள்.

ஐந்து மாதமாக இதுதான் நடக்கிறது. கம்பெனியில் அவள் ஏழாம் நம்பர் லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறவள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட யாருக்கும் நேரம் கிடையாது. பஸ்ஸில் ஏறிவிட்டாலோ அவள் வைத்ததுதான் சட்டம். ஹருமி என்கிற வீராங்கனை வருகிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றை, அவள் பாஷையில் அனிமேயை, தினம் ஒரு எபிசோடாகச் சொல்வாள், பஸ்ஸே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். இந்த ஒரு மணி நேரத்தையும் யாராவது பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு மிச்சம் ஸ்க்ரூ மட்டும்தான்.

பிடுங்குவதற்கு இன்றைக்கு ஆள் வந்துவிட்டது போலிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சாயிரா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசு இருக்கும். அவள் பையில் நீல முடியும் முட்டைக் கண்ணுமாக மூன்று அனிமே பொம்மைகள் தொங்கின.

"நீயும் இதெல்லாம் பாப்பியா கண்ணு?" என்று கேட்டாள் கேண்டீன் குள்ளம்மாள்.

"உசுருக்கா! எட்டு வருசமா பாக்கறேன். நான் பாக்காத அனிமேவே கெடையாது."

இவள் வாயைத் திறந்தால் தன் பாடு அவ்வளவுதான் என்று அமுதவல்லிக்குத் தெரிந்தது. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. எழுபத்தாறு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நேத்து எங்க வுட்டேன்? பாலத்து மேல ஹருமி ஒத்தையா நிக்கறா. கையில ஒடஞ்ச கத்தி. எதுக்க மந்திரவாதி குரோகா. 'இன்னைக்கி டார்கெட் ஆயிரம் தலை! முடிக்காம ஒருத்தரும் வூட்டுக்குப் போவக் கூடாது'ன்னு கத்தறான்."

"நம்ம சூப்பர்வைசர் மாரியே பேசறான்டி!" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "ஜப்பான்லயும் இவனுங்க இப்படித்தான் போல!"

பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

"ஹருமி கத்திய ஓங்கறா. அப்பப் பாத்து அவனோட சின்ன வயச காட்றாங்க. நல்ல மழை. ஒரு சோத்து உருண்டைய ரெண்டா பிட்டு, அம்மாவுக்குன்னு பாதிய எலையில மூடி வெச்சிருக்கான். அம்மா வரவே இல்ல. அந்த எலை இன்னும் அவன் இடுப்புல முடிஞ்சி கெடக்குது."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அடப்பாவமே, இப்ப இவன் மேலயும் எரக்கம் வருதே!" என்ற சவுரியப்பன் வண்டியை மெதுவாக்கினார்.

"அதாண்ணா அனிமே. வில்லனும் பசியில கெடந்தவன்தான்னு காட்டிட்டுத்தான் அடிக்கவே வுடுவாங்க. நல்லவளும் தோப்பா. தோத்துட்டு, மறுநாள் காலையில எந்திரிச்சி, முடிய அள்ளிக் கட்டிகிட்டுத் திரும்ப வந்து நிப்பா. நம்மள மாரி."

"எல்லாஞ்சரி," என்றாள் குள்ளம்மாள். "ஆனா இந்தக் கார்ட்டூன..."

"அனிமேக்கா!" என்று பஸ்ஸே கத்தியது.

"ஏதோ ஒண்ணு. எம் பையன் போன்ல தேடுதேடுன்னு தேடிட்டான். ஒண்ணுமே வரலைங்கறான்."

"ஜப்பான் எழுத்துல அடிக்கணும்க்கா," என்றாள் அமுதவல்லி அவசரமாக.

"இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமே! கண்ணு, நீ அடி. அந்த ஹருமி மூஞ்சிய நாங்களும் ஒருக்கா பாக்கறோம்."

சாயிரா போனை எடுத்தாள். நாலு வரிசைப் பெண்கள் அவள் தோள்மேல் வந்து சாய்ந்தார்கள். அமுதவல்லி சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாத ராஜ்ஜியம் இதோ முடியப்போகிறது.

"ஆங், வந்துருச்சு!"

சாயிரா சட்டென்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, காட்ட மாட்டேன்க்கா! கடைசி எபிசோடு படந்தான் மொதல்ல நிக்குது. பாத்தீங்கன்னா மொத்தக் கதையும் போயிடும்!"

"வேணாம், வேணாம்! மூடு!" பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார்கள். ஒருத்தி குள்ளம்மாளின் கண்ணையும் சேர்த்துப் பொத்தினாள்.

"பாப்பா, போன உள்ள வை!" என்று சவுரியப்பனும் சத்தம் போட்டார். "வண்டி ஓட்டறதா வேணாமா?"

"அந்தப் பாலத்து சீனுக்கு எனக்கு மூணு நாளு சோறு எறங்கலக்கா," என்றாள் சாயிரா, குள்ளம்மாளிடம். "இருந்தாலும் அமுதாக்கா சொல்றப்ப இன்னும் நல்லாருக்குது."

அமுதவல்லி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். கம்பெனி கேட் தெரிகிற நேரத்துக்குச் சரியாகப் பாலம் விரிசல் விட்டது, குரோகா ஹருமியின் கையைப் பிடித்தான்.

"பிடிச்சது காப்பாத்தவா, தள்ளி வுடவா? நாளைக்கி!"

"அடிப்பாவி!" என்று மற்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே இறங்கி ஓடினார்கள். அமுதவல்லி சாயிராவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏம்புள்ள, போன்ல நெசமா என்ன வந்துச்சு?"

"இன்னைக்கித் தக்காளி வெலைக்கா," என்றாள் சாயிரா. "இப்படி ஒரு அனிமே ஒலகத்துலயே கெடையாது. நீங்களே கட்டற கதைதான?"

அமுதவல்லி மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அப்பறம் ஏன் என்னய காட்டிக் குடுக்கல?"

"நல்லா கேட்டீங்க போங்க! காட்டிக் குடுத்துட்டா, அவன் எதுக்குக் கையப் பிடிச்சான்னு நாளைக்கி எனக்கு யாரு சொல்லுவா?"