வாடகை வெயில்

“வாடகைக்கு எடுத்தா, வேண்டாம்னு எப்போ திருப்பிக் கொடுக்கலாம்?” என்று மறுபடியும் கேட்டார் கணவர். தாழ்ந்த அவர் குரல் மேசையைத் தாண்டவில்லை.

“ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டாப் போதும் சார். பேனல், பேட்டரி எல்லாத்தையும் நாங்களே கழட்டிக்கிட்டுப் போயிடுவோம்,” என்றார் சோலார் கம்பெனிக்காரர்.

“இவருக்குக் காசு எடுக்கக் கை வராதுங்க!” மனைவியின் குரலோ கூடத்தையே நிறைத்தது. “பேஸ்ட் ட்யூபைக் கத்தரிச்சு வழிக்கிற மனுஷன். நாங்க சொந்தமாவே வாங்குறோம். இருபத்தஞ்சு வருஷ கேரண்டின்னீங்களே, அதை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க.”

அவரும் சொன்னார். பக்கத்து அறையில், மகளின் கட்டிலருகே, ஆக்சிஜன் மெஷின் ஓயாது இரைந்துகொண்டிருந்தது. போன வாரம் மின்சாரம் நின்று, பழைய இன்வெர்ட்டரும் கைவிட்டபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. அன்று முதல்தான் இந்த வீட்டுக்கு வெயில் தேவைப்பட்டது.

பெற்ற மகளின் மூச்சுக்குமா ஒரு தகப்பன் கணக்குப் பார்ப்பார்? கம்பெனிக்காரருக்கு மனம் கசந்தது. அளவெடுக்க மொட்டைமாடிக்கு ஏறியதும் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

“பொண்ணு விஷயத்துல போய் கஞ்சத்தனம் பார்க்கலாமா சார்?”

கணவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார்.

“இந்த மழைக்காலத்தைத் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அவ அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க.”

“தெரியும்,” என்றாள், படியேறி வந்து நின்ற மனைவி. “நானும் தனியாப் போய்க் கேட்டுட்டேன்.”

கணவர் திகைத்து அவளைப் பார்த்தார். “அப்புறம் எதுக்குச் சொந்தமா வாங்கணும்னு அந்தப் பிடி பிடிச்சே?”

“கீழே பேசுறதெல்லாம் அவ காதுல விழுதுங்க. வாடகைன்னா எதுக்குன்னு அவளுக்குப் புரியாதா? இருக்கிற நாள்ல ஒரு நாள்கூட அந்த நினைப்பு அவளுக்கு வரக் கூடாது.”

கணவர் மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மகளின் அறை வாசலில் நின்று, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“கண்ணு, உங்கம்மா ஜெயிச்சிட்டா! சொந்தமாவே வாங்கியாச்சு. உன் பிள்ளைங்க காலேஜ் போற வரைக்கும் ஓடுமாம்!”

மகள் மூக்குக் குழாயை மெல்ல விலக்கினாள். அப்பாவையும், அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வாடகையே போதும்ப்பா.”